அடுப்படியில் கற்றது: பென்னாகரம் பக்கத்து ஊட்டச்சத்துப் பணியில் பதினோரு ஆண்டுகள்

2014-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தை ஒட்டிய அந்தச் சிற்றூருக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, என் தோள்பையில் எட்டு விளக்கப்படங்கள் இருந்தன. ஒன்றில் ஆப்பிளும் ஆரஞ்சும், இன்னொன்றில் கண்ணாடித் தம்ளர் நிறையப் பாலும், மற்றொன்றில் சிரிக்கும் தாயும் கொழுகொழுவென்ற குழந்தையும் இருந்தன. நான் சேர்ந்திருந்த தொண்டு நிறுவனம் மிகச் சிறியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோரின் உணவைச் சீராக்குவதுதான் அதன் ஒரே வேலை. மரத்தடியில் பெண்களைக் கூட்டி, படங்களை ஒவ்வொன்றாக விரித்து, புரதம் என்றும் இரும்புச்சத்து என்றும் விளக்கினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டு, "சரிங்க மேடம்" என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் சரியான விடையைச் சொன்னார்கள். ஆனால் குழந்தைகளின் எடை எந்தப் பக்கமும் நகர்ந்திருக்கவில்லை. தெரியாமை என்று நாங்கள் எண்ணியிருந்தது தெரியாமையே அன்று என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. இந்தப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் அந்த ஓராண்டை இழக்க வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பயிற்சி அளித்த மூத்த பெண்மணி, 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் பணியாற்றியவர். அவர் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ எத்தனை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். ஒரு வீட்டில்கூட இல்லை. மூன்று நாள், விடியற்காலை முதல் இரவு வரை, ஒரே வீட்டில் இருந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். படம் கொண்டு போகக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

அந்த வீட்டுக் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். தாய் ஐந்து மணிக்கு எழுந்து, குடிநீர் பிடித்து, ரேஷன் அரிசியை உலையில் போட்டு, புளிக்குழம்பு ஒன்றை வைத்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் தக்காளித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் வேன் வந்து நிற்பதற்குள் குழந்தைக்கு ஒருமுறை பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். திரும்பியபோது மாலை ஆறரை. இடைப்பட்ட பதினொன்றரை மணி நேரமும் குழந்தை அதன் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம் இருந்தது. ஆயாவுக்குக் கண்புரை, எரிவாயு அடுப்பைத் தொடப் பயம், விறகடுப்பில் ஊதுவதற்கு மூச்சு இல்லை. பத்து மணிக்குக் குழந்தை அழுதது. கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, தேநீரில் இரண்டு பிஸ்கட்டை நனைத்து, விரலால் மசித்து, ஊதி ஊதி ஊட்டினார். மதியம் சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார். மூன்று மணிக்கு மறுபடியும் பிஸ்கட். அவ்வளவு பொறுமையோடு ஒருவர் குழந்தைக்கு ஊட்டி நான் பார்த்ததில்லை. கடைவாயில் ஒட்டியிருந்த துகளைக்கூடச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். கைச்சுற்றளவு நாடாவைக் குழந்தையின் மேற்கையில் சுற்றிப் பார்த்தபோது 12.1 சென்டிமீட்டர் காட்டியது, அதாவது மஞ்சள் பகுதி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 12.5-க்குக் கீழே போனால் மிதமான மெலிவு, 11.5-க்குக் கீழே போனால் கடுமையான மெலிவு.

அந்தப் பாட்டிக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? கஞ்சி நல்லது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தம் பிள்ளைகளைக் கேழ்வரகுக் கூழ் ஊற்றி வளர்த்தவர். அந்த வீட்டில் குறைவாக இருந்தவை நேரமும், அடுப்பு மூட்டக்கூடிய ஒரு கையும்தான். ஒரு வீட்டில் சத்தான உணவு சமைக்கப்படுவதற்கு எது தடையாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் அகற்றுவது எங்கள் வேலை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்று முதல் எந்த ஊரில் வேலை தொடங்கினாலும், முதல் மாதம் முழுவதும் அடுப்படிகளில் உட்கார்ந்து பார்ப்பது என்று எங்கள் குழு முடிவு செய்துகொண்டது.

அந்த வீட்டுக்கும் அதைப் போன்ற பல வீடுகளுக்கும் கைகொடுத்தது முளைகட்டிய கேழ்வரகு மாவு. இதன் பின்னாலிருக்கும் அறிவியலைக் களப்பணியாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது. சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்சம் மாவு போட்டவுடனேயே கெட்டியாகிவிடும், குழந்தை விழுங்காது. தண்ணீர் சேர்த்து இளக்கினால் வயிறு நிறையும், சத்து இருக்காது. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி அதில் பெருகுகிறது. ஆகவே முளைகட்டிய மாவில் இருமடங்கு மாவைப் போட்டாலும் கஞ்சி ஓடும் பதத்திலேயே நிற்கும், அதே கிண்ணத்தில் குழந்தைக்கு இருமடங்கு உணவு போய்ச் சேரும். இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் பொருள்களும் முளைகட்டும்போது குறைகின்றன. கேழ்வரகைக் கல் போக அரித்து, ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாள் முளைவிட்டதும் உதறி, நன்றாகக் காய வைத்து, இளஞ்சூட்டில் மட்டும் வறுத்து அரைக்க வேண்டும். சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்று பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பயறு சேர்த்தால், தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூறு பயறிலிருந்து கிடைத்துவிடும்.

மாவு இருந்தாலும் அடுப்பு மூட்ட வேண்டுமே என்ற கேள்வி மிஞ்சியது. அதற்கு விடையைக் கண்டவர்கள் நாங்கள் அல்லர், அந்தத் தெருப் பெண்கள். வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் குழந்தைக்குக் காய்ச்சும்போது பக்கத்து இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது, மாவும் வெல்லமும் அந்தந்த வீட்டார் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று நான்கு முறை உணவு வேண்டும். அதில் இரண்டு முறை தாய் இல்லாத நேரத்தில் வருகிறது. அந்த இரண்டு முறையும் புதிதாகக் காய்ச்ச ஆள் கிடைத்தது என்பதுதான் பெரிய மாற்றம். எங்கள் வெயிலில் காலையில் காய்ச்சிய இனிப்புக் கஞ்சியை மாலை வரை வைத்துக் கொடுப்பது வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

எடை பார்ப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சியாளர் அடிக்கடி சொல்வார், "எவ்வளவு எடை என்று கேட்காதே, போன மாதத்தைவிட ஏறியதா என்று கேள்." அவர் பணியாற்றிய அந்தப் பழைய திட்டத்தின் உயிர்நாடியே இதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைகளுக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். குழந்தை மெலிந்து ஒட்டிப்போன பிறகு ஓடுவதைவிட, எடைக்கோடு படுக்கையாகத் திரும்பும் முதல் மாதத்திலேயே வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்பது எவ்வளவோ எளிது. காய்ச்சல் வந்திருக்கும், தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், அல்லது மறுபடி கருவுற்றிருப்பாள். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

இதிலே நாங்கள் செய்த ஒரு பெரும் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் எங்கள் தொங்கு தராசு ஒன்று நானூறு கிராம் குறைத்துக் காட்டியது. மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளின் தாய்மாரை "எடை குறைந்துவிட்டது" என்று கலங்க வைத்தோம். ஒருத்தி மாமியாரிடம் ஏச்சு வாங்கினாள். உண்மை தெரிந்த அன்று எல்லா வீடுகளுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து, எடை பார்க்கும் ஒவ்வொரு நாளும் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை முதலில் தராசில் மாட்டிச் சரிபார்த்த பிறகே குழந்தையைத் தூக்குகிறோம். தனிப் பதிவேடு வைப்பதையும் விட்டுவிட்டோம். அங்கன்வாடி டீச்சரோடு சேர்ந்து, அவருடைய பதிவேட்டிலேயே எழுதுகிறோம். நாம் நாளைக்குப் போய்விடுவோம், டீச்சர் அங்கேயே இருப்பார். அவருடைய மதிப்பைக் குறைக்கும்படி ஊரார் முன் ஒரு சொல் சொன்னாலும் அந்த ஊரில் நம் வேலை முடிந்தது. இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: இரண்டு பாதங்களும் வீங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிற குழந்தையையும், மிக மெலிந்து உணவையே மறுக்கிற குழந்தையையும் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்துப் பார்க்கக் கூடாது, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

எங்கள் மாவட்டம் கேழ்வரகு விளையும் பூமி. அவரையும் துவரையும் ஊடுபயிராக நிற்க, புரட்டாசி, ஐப்பசியில் கதிர் முற்றிக் கிடக்கும் காட்டைப் பார்த்தால் இந்த மண்ணில் சத்துக்குறைவு எப்படி வந்தது என்று வியப்பாக இருக்கும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம்கூட இராது. ஆனாலும் விளைந்த கேழ்வரகு மூட்டையாக வியாபாரிக்குப் போய், வீட்டில் அரிசிதான் வெந்தது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். பசியைப் போக்கிய அந்த அரிசியை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் சொன்ன காரணமோ வேறு. மாவு மில் ஏழு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. தானியத்தைப் புடைத்து, கல் பொறுக்கி, பஸ்ஸில் ஏற்றி, அரைத்துக் கொண்டுவர ஒரு நாள் கூலி போகும். அதற்குப் பிறகு களி கிண்ட வேண்டும். நொய் வெந்து கொதிக்கும் பானையில் மாவைக் குவித்து, துடுப்பால் நடுவில் குத்தி வேகவிட்டு, பானையைக் கால்களால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டுவதற்கு, நாள் முழுக்கக் குனிந்து தக்காளி பறித்த முதுகில் தெம்பு ஏது?

கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்கப் பல ஆண்டுகள் பாடுபட்ட விதத்தை எங்கள் பயிற்சியாளர்தான் எடுத்துச் சொன்னார். மலையில் சாமையும் தினையும் போன இடத்தில் மரவள்ளி வந்து உட்கார்ந்ததற்கு, உரலில் குத்தி உமி நீக்கும் வேலையின் கடுமையும் ஒரு காரணம் என்று உணர்ந்து, விதை வங்கிகளோடு சேர்த்து ஊருக்குள்ளேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் வைத்துப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த வழியைப் பின்பற்றி நாங்களும் ஒரு மகளிர் குழுவின் பொறுப்பில் ஊர்ச் சாவடிக்குப் பின்னால் ஒரு மாவு அரவை இயந்திரம் வைத்தோம். புதன், ஞாயிறு மாலைகளில் மட்டும் ஓடும். அரவைக் கூலியைக் குழுவே முடிவு செய்கிறது. மின் கட்டணமும் பெல்ட் மாற்றும் செலவும் அதிலிருந்தே போகின்றன. எட்டு விளக்கப்படங்கள் ஓராண்டில் செய்யாததை அந்த இயந்திரம் மூன்று மாதத்தில் செய்தது. 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷன் கடையில் வழங்கத் தொடங்கியபோது, பக்கத்து ஊர்களில் அதை வாங்கி என்ன செய்வது என்று யோசித்தார்கள்; எங்கள் ஊரில் புதன்கிழமை மில்லில் வரிசை நீண்டது.

இரத்தசோகையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பணியைப் பற்றிப் பேச முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நூற்றெண்பது நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் கூரை இடுக்கில் பிரிக்கப்படாத அட்டைகளை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். "சாப்பிட்டா கொமட்டுதுக்கா, வெளிக்கி கறுப்பா போவுது, பயமா இருக்கு" என்று ஒரு பெண் சொன்னபோதுதான், மாத்திரை கொடுத்தவர் யாரும் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குமட்டுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சை நீரோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் சத்து நன்றாகச் சேரும். தேநீரும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். வேறு எதையும் மாற்றாமல், சாப்பிட்டு முடித்த கையோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தைத் தள்ளி வைக்கச் செய்வதே ஒரு நல்ல தொடக்கம்.

ஆனால் மாத்திரையைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் சமைத்தவள். கீரைக் கடைசலும் பருப்பும் மேலே போய்விட, சட்டியின் அடியில் ஒட்டிய குழம்பைச் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்கிறாள். கர்ப்பிணியாக இருந்தாலும் அப்படித்தான். இதைப் பெண்களிடம் மட்டும் பேசிப் பயனில்லை, ஏனென்றால் முடிவு அவர்கள் கையில் இல்லை. மாமியார்களையும் கணவன்மாரையும் அழைத்து, கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டார் எல்லாரும் மாதம் ஒருமுறை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். யாரையும் குற்றம் சாட்டிப் பேசுவதில்லை. பரிமாறும்போது கர்ப்பிணியின் இலையில் முதலில் கீரை விழுகிறது, அவ்வளவே. "எங்க காலத்துல எங்களுக்கு யாரும் வெக்கலையே" என்று ஒரு மாமியார் மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, தாமே எழுந்து கரண்டியை வாங்கி மருமகளுக்கு இன்னொரு கரண்டி வைத்தார். அந்த அம்மாளின் கண்களை நான் மறக்கவில்லை.

வீட்டுத் தோட்டம் பற்றி ஒரு சொல். முதலில் பத்து வகைக் காய்கறி விதைப் பொட்டலங்களைக் கொடுத்தோம். சித்திரையில் தண்ணீர் இல்லாமல் எல்லாம் கருகிவிட்டன. இப்போது பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கைப் போத்தும் ஒரு பப்பாளியும் மட்டும் நட்டு, ஆடு மேயாமல் முள் கட்டச் சொல்கிறோம். மழைக்காலத்தில் ஊரிலேயே கிடைக்கும் அவரை, பூசணி விதைகளைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். கோடையில் நிற்பது மரம்தான்.

மெலிவுக்காகப் போன வீடுகளிலேயே சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இருக்கக் கண்டோம். அதே தேசிய ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை கொண்டவர்கள் என்கிறது. இதில் நாங்கள் இன்னும் அதிகம் செய்துவிடவில்லை. ஒன்று மட்டும் பலன் தருகிறது: மாதத்துக்கு எத்தனை உப்புப் பொட்டலம் வாங்குகிறீர்கள் என்று கேட்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் என்றால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் முக்கால் கிலோ போதும். இரண்டு கிலோ வாங்குகிற வீட்டில், ஊறுகாய்க்குப் போனதைக் கழித்தாலும், கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

பணம் தருகிறவர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரை ஆயிரம் நாள். எங்களுக்கு வரும் நிதியோ மார்ச் 31 வரை. ஒருமுறை நன்கொடையாளர் ஒருவர் டப்பாவில் அடைத்த சத்துமாவை மூன்று மாதம் வழங்கச் சொன்னார், பெற்றுக்கொள்ளும் தாய்மாரின் படமும் கேட்டார். மாவு வீட்டில் எல்லாருக்கும் பங்காயிற்று, நான்காம் மாதம் நின்றது, அதற்குள் சில வீடுகள் முளைகட்டுவதையே விட்டிருந்தன. அடுத்த முறை அதை ஏற்க மறுத்தோம். அந்த ஆண்டு ஒரு பணியாளரைக் குறைக்க வேண்டியதாயிற்று. வருந்தினேன், ஆனால் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதை இப்போது அறிக்கையில் முதல் வரியாக எழுதுவதில்லை. எடை நின்றுபோன குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு மாதத்துக்குள் மறுபடி ஏறியது என்பதை எழுதுகிறோம்.

எங்களால் இன்னும் தீர்க்க முடியாதது பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களின் நிலை. தை கழிந்ததும் கைக்குழந்தையோடு கிளம்பிவிடுகிறார்கள். தகரக் கொட்டகையில், அறிமுகமில்லாத இடத்தில், ஆயாவும் இல்லை, பக்கத்து வீட்டு அடுப்பும் இல்லை. கிளம்பும் முன் மகளிர் குழு முளைகட்டிய மாவு மூன்று கிலோ அரைத்துக் கட்டித் தருகிறது. குழந்தையின் எடை அட்டையும் கைச்சுற்றளவு நாடா ஒன்றும் தாயிடம் கொடுத்து, நாடாவைச் சுற்றிப் பார்க்கும் முறையைக் கிளம்பும் நாளுக்கு முன்பே இரண்டு முறை அவள் கையாலேயே செய்ய வைக்கிறோம். மஞ்சள் காட்டினால் எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அங்கே பக்கத்தில் உள்ள அங்கன்வாடியை விசாரித்துச் சொல்வது என் வேலை. சென்ற ஆண்டு அப்படி நான்கு அழைப்புகள் வந்தன. மற்ற குழந்தைகளை, மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் ஊர் திரும்பும்போது, தேர் கிளம்புவதற்கு முன் சாவடியில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்; உப்புப் பொட்டலத்தை எடுத்துவைக்க டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.